மதிய மேடையில் மவுத் ஆர்கனும் பியானோவும்: முதல்முறை கச்சேரி செய்வோருக்கு

மேடையில் இரண்டு வாத்தியங்கள். ஒன்றை நகர்த்த நாலு பேர் வேண்டும். இன்னொன்று சட்டைப் பையில் அடங்கிவிடும். சின்னதுதான் பெரியதை அனுசரித்துப் போகும் என்று தோன்றும். நடப்பது தலைகீழ். ஹார்மோனிகாவின், அதாவது மவுத் ஆர்கனின், ரீடுகள் மெல்லிய உலோகத் தகடுகள். மேடையில் நின்றபடி அவற்றின் சுதியைத் திருத்த முடியாது. ஓர் அளவுக்கு மேல் ஒலியைக் கூட்டவும் முடியாது. கூட்டினால் சுதி இறங்கும். வாத்தியம் குளிர்ந்திருந்தால் சில ஸ்வரங்கள் பேசவே பேசாது. ஆகவே பியானோ, அரங்கம், நிகழ்ச்சி நிரல், கடிகாரம் எல்லாம் அந்தச் சட்டைப்பை வாத்தியத்துக்குத்தான் வளைந்து கொடுக்க வேண்டும். முதல் கச்சேரிகளில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

ஓரளவு ஹார்மோனிகா வாசிக்கத் தெரிந்து, பியானோ துணையோடு 45 நிமிட மேற்கத்திய செவ்வியல் நிகழ்ச்சியை முதல்முறை நடத்தப் போகிறவர்களுக்கு இந்த வழிகாட்டி. மதியக் கச்சேரிக்கு ஒரு தனி இலக்கணம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் நேஷனல் கேலரியில் பியானோ கலைஞர் மைரா ஹெஸ் 1939 அக்டோபர் 10 அன்று தொடங்கிய மதியக் கச்சேரிகள் 1946 ஏப்ரல் வரை நடந்தன. வேலைக்கு நடுவே வந்து கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்புகிறவர்கள்தான் அந்த வகைக் கச்சேரியின் ரசிகர்கள். இன்றும் அப்படித்தான். இடைவேளை கிடையாது. தாமதமாக வருவார்கள், சீக்கிரம் எழுவார்கள். சொன்ன நேரத்துக்கு முடிக்காவிட்டால் கடைசி உருப்படியைக் காலி நாற்காலிகளுக்கு வாசிக்க வேண்டியதுதான்.

எந்த ஹார்மோனிகா

பத்துத் துளை டயட்டானிக் வேண்டாம். அதில் இல்லாத ஸ்வரங்களை வளைத்து எடுக்க வேண்டியிருக்கும். இரட்டை வரிசைத் துளைகள் கொண்ட ட்ரெமோலோவும் வேண்டாம். பலர் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். அதில் ஒரு ஸ்வரத்துக்கு இரண்டு ரீடுகள். அலையடிக்கும் ஓசைக்காக இரண்டையும் வேண்டுமென்றே சற்று விலக்கிச் சுதி சேர்த்திருப்பார்கள். தனியாகக் கேட்க இனிமையாக இருக்கும். சுதி சேர்த்த பியானோவின் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொரு கார்வையும், அதாவது நீட்டிப் பிடிக்கும் ஒவ்வொரு ஸ்வரமும், உறுத்தும்.

வேண்டியது எல்லா அரை ஸ்வரங்களும் தரும், பக்கவாட்டில் பொத்தான் உள்ள குரோமாட்டிக். 12 துளை வாத்தியத்தில் 48 ரீடுகள். மத்திய சி-யில் (பியானோவின் நடுவில் உள்ள சி) தொடங்கி மூன்று ஸ்தாயி. மேற்கத்தியப் புல்லாங்குழலின் எல்லையும் ஏறக்குறைய இதுதான். அதனால் குழலுக்கு எழுதியவை நிறையவே கைக்கு வரும். 16 துளையில் 64 ரீடுகள். கீழே இன்னொரு ஸ்தாயி கிடைக்கும். ஆனால் அந்தக் கீழ் ரீடுகள் நீளமானவை. மெதுவாகத்தான் வாய் திறக்கும், காற்றும் அதிகம் கேட்கும். பாட்டு கேட்டால் ஒழிய முதல் கச்சேரிக்கு 12 துளையே போதும். சி சுருதியில் வாங்குங்கள்.

ரீடுத் தகடுகளுக்கு நடுவே இருக்கும் சட்டம் மரமா பிளாஸ்டிக்கா என்று கவனியுங்கள். மரச் சட்டம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், இடுக்கு வழியே காற்று கசியும். மர வாத்தியத்தின் ஓசைதான் உசத்தி என்று வாதிடுவோர் உண்டு. பத்தாவது வரிசையில் உட்கார்ந்து கேட்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. காற்றுக் கசிவு தெரியும்.

இரண்டாவது வாத்தியம் கட்டாயம். அதே சுருதியில், முடிந்தால் அதே மாடலில். ஏன் என்று கடைசியில் வரும்.

உருப்படிகளைத் தேர்ந்தெடுப்பது

துளைகளின் அமைப்பை மனதில் வைத்துக்கொண்டுதான் நோட்டேஷனைத் திறக்க வேண்டும். நாலு துளை ஒரு தொகுதி. ஊதினால் சி, இ, ஜி, சி. இழுத்தால் டி, எஃப், ஏ, பி. பொத்தானை அழுத்தினால் இவை எல்லாம் அரை ஸ்வரம் மேலே போகும். அடுத்த நாலு துளைகளில் இதே வரிசை மறுபடி வரும். இதிலிருந்து மூன்று விஷயங்கள் புறப்படுகின்றன.

முதலாவது, ஒரே ஸ்வரத்துக்குப் பல வீடுகள் உண்டு. மத்திய சி-க்கு ஒரு ஸ்தாயி மேலே உள்ள சி-யை நாலாம் துளையிலும் ஊதலாம், ஐந்தாம் துளையிலும் ஊதலாம். நாலாம் துளையில் பி-யை இழுத்துப் பொத்தானை அழுத்தினாலும் அதே சி வரும். எஃப்-பை இரண்டாம் துளையில் இழுக்கலாம்; அதே துளையில் இ-யை ஊதிப் பொத்தானை அழுத்தியும் பெறலாம். செவ்வியல் வாசிப்பின் வழுவழுப்பு முழுக்க இந்த மாற்று வழிகளில்தான் இருக்கிறது. ஊதுவதிலிருந்து இழுப்பதற்கு மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒலி ஒரு கணம் அறும். மாற்று வீட்டைப் பிடித்தால் மூச்சின் திசை மாறாமலே அடுத்த ஸ்வரத்துக்குப் போய்விடலாம். புதிய உருப்படி எடுத்தால் முதல் வேலை, பென்சிலும் கையுமாக உட்கார்ந்து எந்த சி, எந்த எஃப் என்று ஒவ்வொரு இடத்திலும் குறிப்பது. பிறகு அதை மாற்றக் கூடாது. கை ஒரு வழியையும் மூச்சு இன்னொரு வழியையும் பழகினால் மேடையில் இரண்டும் மோதிக்கொள்ளும்.

இரண்டாவது, தாளில் பயமுறுத்தும் சுருதிகள் இதில் எளிதாக இருக்கலாம். டி ஃபிளாட் மேஜரில் ஐந்து ஃபிளாட்டுகள் (அரை ஸ்வரம் தாழ்த்தும் குறிகள்). ஹார்மோனிகாவில் அது பொத்தானை அழுத்தியபடி வாசிக்கும் சி மேஜர், அவ்வளவுதான். குழல்காரருக்கு எளிதான டி மேஜரிலோ இழுவையும் ஊதலும் பொத்தானும் மாறி மாறி வந்து திணற வைக்கும். குழல் நோட்டேஷனைப் பார்த்து ‘இது சுலபம், இது கஷ்டம்’ என்று முடிவுகட்டாதீர்கள். வாசித்துப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாவது, மூச்சு. குழலிலோ ஓபோ போன்ற ஊதுவாத்தியத்திலோ காற்று வெளியே மட்டும் போகும். இங்கே வாசிப்பதே சுவாசம். அதனால் மூச்சுக்குத் திணற வேண்டாம் என்று நினைப்பார்கள். உண்மையில் திணறல் எதிர்த்திசையில் வரும். டி மைனர் போல இழுவை ஸ்வரங்கள் நிறைந்த ஒரு நீண்ட சொற்றொடரில் நெஞ்சு நிறைந்துகொண்டே போகும். இழுக்க வேண்டிய ஸ்வரம் காத்திருக்கும். உள்ளே இடம் இருக்காது. சோதிப்பது எளிது: சொற்றொடரை வாசித்துச் சட்டென்று நிறுத்துங்கள். உடம்பு முதலில் கேட்பது வெளிமூச்சு என்றால், அந்தச் சொற்றொடருக்குள் எங்கோ ஒரு கமாவில் மூக்கு வழியே காற்றை விட இடம் குறிக்க வேண்டும். இந்தக் குறி இல்லாத நோட்டேஷன் முடிந்த நோட்டேஷன் இல்லை.

மூச்சின் இந்த ஏற்பாடு சில இடங்களில் வரமாகவும் அமையும். ஓபோவுக்கும் பியானோவுக்கும் ஷூமன் 1849-ல் எழுதிய மூன்று ரொமான்ஸ்கள், ஓபஸ் (படைப்பு எண்) 94, மூச்சு வாங்க இடம் தராதவை என்று ஓபோக்காரர்களிடையே பெயர் பெற்றவை. ஊதலும் இழுவையும் சமன்பட்டால் ஹார்மோனிகாவில் அதே நீண்ட வரிகள் இயல்பாக ஓடும்.

ஹார்மோனிகாவுக்கென்றே எழுதப்பட்டவற்றை ஒன்றிரண்டாவது சேர்க்காமல் விடாதீர்கள். ஹார்மோனிகாக் கலைஞர் லாரி ஆட்லருக்காக இசையமைப்பாளர் ரால்ஃப் வான் வில்லியம்ஸ் 1951-ல் எழுதிய ரொமான்ஸ், மேலே சொன்ன அதே டி ஃபிளாட்டில் அமைந்தது. மூலத்தில் தந்தி வாத்தியக் குழுவும் பியானோவும் சேர்ந்தது. இன்னொரு ஹார்மோனிகாக் கலைஞரான டாமி ரைலிக்காக கார்டன் ஜேக்கப் எழுதிய ஐந்து உருப்படிகளில் தாலாட்டும் உண்டு, ரஷ்ய நடனமும் உண்டு. தனித்தனியாகவும் எடுத்து வாசிக்கலாம். ஜேம்ஸ் மூடியும் ரைலிக்காக நிறைய எழுதியிருக்கிறார். ரைலியின் கதையே தனி: வயலின் கற்றவர், போர்க்காலத்தில் ஜெர்மனியில் சிறைவைக்கப்பட்ட ஆண்டுகளில் ஹார்மோனிகா நுட்பத்தைச் செதுக்கிக்கொண்டவர். அவருடைய ஒலிப்பதிவுகளில் சொற்றொடர் முடியும் விதத்தைக் கவனித்துக் கேளுங்கள், வயலின் வில்லின் பாணி தெரியும். மால்கம் ஆர்னால்டு, வில்லா-லோபோஸ் ஆகியோரின் கான்செர்ட்டோக்கள் ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் பெரிய படைப்புகள். ஆனால் ஆர்க்கெஸ்ட்ராவைப் பியானோவுக்குச் சுருக்கிய பதிப்புகள் அடர்த்தியாக இருக்கும், முதல் மேடைக்கு ஆகாது. இவர்களில் பலருடைய படைப்புகளுக்கு இன்னும் காப்புரிமை உண்டு. நோட்டேஷனை விலைக்கு வாங்குங்கள். மேடை உரிமத்தை யார் பார்த்துக்கொள்வது என்று அரங்கத்தாரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

பிற வாத்தியங்களிலிருந்து கடன் வாங்கும்போது முதலில் மிகத் தாழ்ந்த ஸ்வரத்தைத் தேடுங்கள். வயலின் கீழ் ஜி வரை போகும். 12 துளையில் அது இல்லை. ஒரு ஸ்தாயி ஏற்ற வேண்டுமானால் சொற்றொடர் முழுவதையும் ஏற்றுங்கள். நடுவழியில் தாவினால் பாட்டின் முதுகெலும்பு முறிந்துவிடும். இரட்டை ஸ்வரம் வந்தால், ஸ்தாயி ஜோடிகள் மட்டும் தாராளமாகக் கிடைக்கும்: ஐந்து துளைகளை வாய்க்குள் எடுத்து, நடு மூன்றை நாக்கால் அடைத்தால் முதல் துளையும் ஐந்தாம் துளையும் ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயியில் சொல்லும். மூன்று ஸ்வர அடுக்குகளில் ஊதினால் சி மேஜர், இழுத்தால் டி மைனர், பொத்தானோடு அவற்றின் அரை ஸ்வர மேல்வடிவம். அதற்கு மேல் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

நிமிடக் கணக்கு

45 நிமிட நிகழ்ச்சியில் இசை 36 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மீதி கைதட்டலுக்கும் பேச்சுக்கும் தாள் புரட்டுவதற்கும் போய்விடும். இதைக் குறைத்து மதிப்பிடாதவர் இல்லை.

ஒரு மாதிரி நிரல். தொடக்கத்துக்கு பாக் பெயரில் வழங்கும் குழல் சொனாட்டாவின் (பாக் படைப்புப் பட்டியலில் பி.டபிள்யூ.வி. 1031) சிசிலியானோ பகுதி: இரண்டு நிமிடம். அதை எழுதியது பாக்தானா என்பதில் அறிஞர்களுக்கு ஐயம் உண்டு. கேட்பவர்களுக்கு அந்தக் கவலை இருக்காது. முதல் உருப்படி குறுகியதாக இருப்பது தாமதமாக வந்து வாசலில் நிற்பவர்களுக்காக. அது முடிந்ததும் கதவைத் திறந்து அவர்களை உள்ளே விடலாம். அடுத்து ஷூமனின் முதல் ரொமான்ஸ், நாலு நிமிடம். ஃபோரேயின் சிசிலியன், ஓபஸ் 78, நாலு நிமிடம். பிறகு பியானோ மட்டும்: டெபுஸ்ஸியின் கிளேர் டி லூன், ஐந்து நிமிடம். ஜேக்கப்பின் ஐந்தில் இரண்டோ மூன்றோ, எட்டு நிமிடம். வான் வில்லியம்ஸ், ஏழு நிமிடம். கடைசியில் பார்டோக்கின் ருமேனிய நாட்டார் நடனங்கள், ஆறு நிமிடம். மொத்தம் 36.

நடுவில் வரும் பியானோ தனி வாசிப்பை அலங்காரம் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். உதடு களைக்க ஆரம்பிக்கும் நேரம் அது. அந்த ஐந்து நிமிடம் இல்லாவிட்டால் 25-ஆவது நிமிடத்துக்குப் பிறகு ஓரத்துளைகளில் பக்கத்து ஸ்வரமும் சேர்ந்து கேட்கும். மிகக் கடினமான உருப்படியைக் கடைசிக்கு வைக்காதீர்கள். பியானோ தனி வாசிப்புக்கு உடனே அடுத்து வையுங்கள். ஒரு கூடுதல் உருப்படியைத் தயாராக வைத்திருங்கள், இரண்டு நிமிடத்துக்குள். நேரம் இருந்தால் மட்டும்.

சுதி

பியானோக்களில் ஏ ஸ்வரம் பெரும்பாலும் 440 ஹெர்ட்ஸில் இருக்கும். சில அரங்குகளில் 442. தொழிற்சாலையிலிருந்து வரும் ஹார்மோனிகா பெரும்பாலும் 442, 443 என்று சற்று ஏற்றியே வரும். அதற்குக் காரணம் உண்டு. பலமாக ஊதும்போது ரீடின் சுதி இறங்கும். தொழிற்சாலையில் மெல்லிய காற்றில் அளந்த 442, மேடையில் நிமிர்ந்து வாசிக்கும்போது 440-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆகவே பெட்டியில் 442 என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். உங்கள் மூச்சில் அது எங்கே நிற்கிறது என்று அளந்து பாருங்கள்.

அளக்கும் முறை: வாத்தியத்தை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, கைபேசிச் சுதிக்கருவியை ஒரு கை தூரத்தில் வைத்து, மூன்றாம் துளையில் ஏ-யை இழுங்கள். மெதுவாக ஒரு தரம், கச்சேரி பலத்தில் ஒரு தரம், உச்ச பலத்தில் ஒரு தரம். மூன்று எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். நடு எண்தான் உங்கள் சுதி. அதற்கும் பியானோவுக்கும் 2 ஹெர்ட்ஸ் வித்தியாசம் என்றால் அது ஏறக்குறைய 8 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). சேர்ந்து ஒலிக்கும் ஏ-யில் நொடிக்கு இரண்டு அலை கேட்கும். வேகமான இடங்களில் மறைந்துவிடும். கார்வைகளில் மறையாது.

வித்தியாசம் பெரிதானால் இரண்டு வழி. டிஜிட்டல் பியானோ என்றால் அமைப்பில் போய் சுதியை நகர்த்திவிடலாம், ஒரு நிமிட வேலை. தந்திப் பியானோ என்றால் முழு வாத்தியத்தையும் ஒரே நாளில் தூக்கிச் சுதி சேர்க்கச் சொல்லாதீர்கள். தந்திகள் நிலைக்காமல் நிகழ்ச்சி நடுவிலேயே வழுகும். அதற்குப் பதில் இரண்டு மாதம் முன்பே ஹார்மோனிகா பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, அரங்கப் பியானோவின் சுதியைச் சொல்லி, ரீடுகளைத் தேய்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். சுயமாகத் தேய்த்துப் பழக கச்சேரி வாத்தியம் ஏற்றதல்ல. எப்படியானாலும் பியானோவை அன்று காலை சுதி பார்க்கச் சொல்வது அவசியம். மற்ற வாத்தியங்கள் காதால் கேட்டுச் சற்று வளைந்து கொடுக்கும், இது கொடுக்காது.

பியானோக்காரருக்கு

இந்தப் பகுதியைப் பியானோ வாசிப்பவரிடம் அப்படியே கொடுத்துவிடலாம்.

உங்கள் வலது கை பெரும்பாலும் நடமாடும் இரண்டு ஸ்தாயிகளும் ஹார்மோனிகா பாடும் ஸ்தாயிகளும் ஒன்றே. அங்கே அடர்த்தியாக அடுக்கினால் அதன் ஒலி கரைந்துபோகும். இடது கையின் கீழ்ஸ்தாயி அவ்வளவு மறைக்காது. ஆகவே மொத்தமாக மெதுவாக வாசிப்பது தீர்வாகாது. அது உயிரில்லாத பக்கவாத்தியமாகிவிடும். அடியை நிறைவாக வையுங்கள், நடுவை மெலியுங்கள். சுருக்கிய ஆர்க்கெஸ்ட்ரா பதிப்புகளில் ஹார்மோனிகாவின் மெட்டையே வலது கை இரட்டிப்பதாக எழுதியிருக்கும், தயங்காமல் விட்டுவிடுங்கள். சுதியில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் அது அம்பலமாவது அந்த இரட்டிப்பில்தான். பெடலை வழக்கத்தைவிடக் குறுக்கிப் போடுங்கள்.

தொடக்கச் சைகை இன்னொரு பொறி. குழலும் குரலும் பழகிய பியானோக்காரர் எதிரே உள்ளவர் மூச்சு இழுப்பதைப் பார்த்துத் தாளம் பிடிப்பார். ஹார்மோனிகாவில் முதல் ஸ்வரமே இழுவையாக இருந்தால் அந்த மூச்சிழுப்புதான் ஸ்வரம். அதைப் பார்த்துவிட்டுத் தொடங்கினால் ஒரு தட்டு பிந்திவிடும். இழுவையில் தொடங்கும் உருப்படிகளுக்குத் தலையசைவு அல்லது முழங்கையைச் சற்றுத் தூக்குவது என்று தனிச் சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள். எந்த உருப்படி எந்த வகை என்று தாளின் தலையிலேயே குறியுங்கள்.

கீழ்த்துளை ஸ்வரங்கள் சற்றுத் தாமதமாகத்தான் பேசும். பியானோவின் சுத்தி அடித்த கணமே பேசும். சேர்ந்து விழ வேண்டிய இடத்தில் ஹார்மோனிகாக்காரர் ஒரு நூலளவு முன்பே காற்றைத் தொடங்க வேண்டும். இருவருக்கும் பழக்கத்தில்தான் வரும். முடிவில் கதை மாறும். பியானோவின் ஒலி தானாகவே தேயும், ஹார்மோனிகாவின் கார்வையோ மூச்சுள்ளவரை நிற்கும். யார் முடிக்கிறார் என்று ஒவ்வொரு கடைசி ஸ்வரத்துக்கும் முடிவுசெய்யுங்கள். பெரும்பாலும் ஹார்மோனிகா நிற்கும் கணத்தில் பெடலை விடுவதுதான் அழகு.

ஆறு வாரத்தில் நாலு ஒத்திகை போதும். முதலாவது வேகங்களை முடிவுசெய்ய. இரண்டாவது சைகைகளுக்கு. மூன்றாவது ஒலிச் சமனுக்கு, கட்டாயம் வேறொருவர் தூரத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். வாசிப்பவர் காதுக்கு ஹார்மோனிகா எப்போதும் பெரிதாகவே கேட்கும், வாயோடு ஒட்டி இருக்கிறதே. நாலாவது பேச்சும் எழுந்து வணங்குவதும் உட்பட, கடிகாரத்தோடு.

மேடை

பியானோவின் மூடியை முழுக்கத் திறக்காதீர்கள். குட்டைக் கோலில் நிறுத்துங்கள். சின்ன அறை என்றால் மூடியே வைக்கலாம். ஹார்மோனிகாக்காரர் பியானோவின் வளைவில், கேட்பவர்களை நோக்கி, பியானோக்காரரின் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். உட்காருவதைவிட நிற்பது நல்லது. வயிறு மடங்கினால் நீண்ட இழுவைகள் குறையும்.

நோட்டேஷன் தாங்கியைத் தாழ்த்தி, சற்று இடப்பக்கம் ஒதுக்குங்கள். ஒலி வாத்தியத்தின் பின்புறம் வழியாக, கைக்குழிக்குள்ளிருந்து வெளியே வருகிறது. முகத்துக்கு நேரே தகடு நின்றால் அது பட்டு உங்களிடமே திரும்பும். தாள் புரட்டக் கை காலியாக இருக்காது: இடது கை பிடிக்கிறது, வலது கை பொத்தானில். எனவே மூன்று பக்கங்களை அட்டையில் ஒட்டிப் பக்கம் பக்கமாக விரித்து வைக்கவும், அல்லது டேப்லெட்டும் கால் மிதியும் வைத்துக்கொள்ளவும்.

எண்பது, நூறு பேர் அமரும் அறையில் ஒலிவாங்கி வேண்டாம். அதைவிடப் பெரிது என்றாலோ எதிரொலியே இல்லாத அறை என்றாலோ வைக்க வேண்டும். ப்ளூஸ்காரர்கள் போலக் கைக்குள் பொத்திப் பிடிக்காதீர்கள். அதில் ஒலி நசுங்கும், கையைத் திறந்து மூடிச் செய்யும் நயங்கள் எல்லாம் போய்விடும். தாங்கியில் ஒரு கண்டென்ஸர் ஒலிவாங்கி, 30 முதல் 60 சென்டிமீட்டர் தூரத்தில், கைகளுக்குச் சற்றுக் கீழிருந்து மேல்நோக்கி. ஒலிபெருக்கிகள் ஒலிவாங்கிக்கு முன்னால் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊளையிடும். எவ்வளவு பெருக்குவது? ஒலிவாங்கி இருப்பதே தெரியாத அளவுக்கு. பெருக்கியதும் பியானோக்காரர் தன் ஒலியைக் கூட்டிவிடுவார், அதையும் சொல்லி வையுங்கள்.

காலி அறையில் மேல்ஸ்வரங்கள் கூர்மையாகக் கேட்கும்; ஆட்கள் நிறைந்ததும் உடைகள் உறிஞ்சிவிடும். ஒத்திகையில் சற்றுக் குத்தினால் கவலைப்படாதீர்கள்.

அன்றைய நாள்

ஒரு மணிக்குத் தொடக்கம் என்று வைத்துக்கொள்வோம். சுதி பார்ப்பவர் 10:30-க்குள் பியானோவை முடித்துவிட வேண்டும். 10:45-க்கு மூடியையும் தாங்கியையும் சரிசெய்து, ஒவ்வொரு உருப்படியின் தொடக்கமும் முடிவும் மட்டும் ஓட்டிப் பாருங்கள். முழுதாக வாசிக்க வேண்டாம். உதட்டின் பலம் எண்ணிக் கொடுத்தது. 11:30-க்கு நிறுத்திவிடுங்கள்.

உடனே இலேசாகச் சாப்பிட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். சாப்பிட்டதும் பல் துலக்கி வாயை நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். இது தூய்மை உபதேசம் மட்டுமல்ல. எச்சிலில் கலந்த சர்க்கரை, பொத்தானோடு சேர்ந்து நகரும் தகட்டில் காய்ந்து பசையாகும். பொத்தான் உள்ளே போனால் திரும்பி வராது. இனிப்புப் பானம், இருமல் மிட்டாய் இரண்டும் இதே வேலையைச் செய்யும். உதட்டுக்கு மெழுகுக் களிம்பும் தடவாதீர்கள்.

12:30 முதல் இரண்டு ஹார்மோனிகாக்களையும் சூடேற்றுங்கள். உள்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி, குறைந்தது இருபது நிமிடம். காரணம் இது: மூச்சில் ஈரம் இருக்கிறது. குளிர்ந்த உலோகத்தில் பட்டால் அது நீராகப் படியும். ரீடுகளின் பக்கத்தில் காற்றை மிச்சப்படுத்த ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் வால்வுகள் அந்த நீரில் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு ஸ்வரம் பிந்தும், ‘டப்’ என்று வெடிக்கும், அல்லது வண்டு போல் இரையும். சூடான வாத்தியத்தில் நீர் படியாது. ஹேர் டிரையர், ஹீட்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வால்வின் பசை இளகும். கையில் பிடிக்க இதமாக இருந்தால் போதும். குளிரூட்டிய அறையில் இந்தச் சூடு ஐந்து நிமிடத்தில் போய்விடும் என்பதால், பியானோ தனி வாசிப்பின்போது வாத்தியத்தை மறுபடி உள்சட்டைப் பையில் போடுங்கள். பியானோவின் மேல் வைக்கவே கூடாது: குளிரும், கூடவே கிடுகிடுக்கும்.

பேச்சைப் பியானோக்காரரிடம் விடுங்கள். பேசினால் வாய் உலரும்; உலர்ந்த உதடு வாத்தியத்தில் வழுக்காது, தாவல்கள் தவறும். தொண்ணூறு நொடிக்கு மேல் போகாமல் மூன்று முறை பேசினால் போதும். எந்த உருப்படி ஹார்மோனிகாவுக்கென்றே எழுதப்பட்டது என்பதைச் சொல்லுங்கள், கேட்பவர்களுக்கு அது புதுச் செய்தியாக இருக்கும்.

மேடையில் ஏதாவது கெட்டால்

ஒரு ஸ்வரம் இரைந்தால் வால்வில் ஈரம். உருப்படிகளுக்கு நடுவே ஒலி எழாத அளவுக்கு மிக மெல்ல, வெதுவெதுப்பான மூச்சைப் பல துளைகளில் சேர்த்து விடுங்கள், பெரும்பாலும் சரியாகும். உள்ளங்கையில் தட்டி நீரை உதறலாம், பலமாகத் தட்டாதீர்கள்.

பொத்தான் ஒட்டிக்கொண்டால் அந்த உருப்படிக்கு மட்டும் உபாயம் இல்லை. அடுத்த இடைவெளியில் இரண்டாவது வாத்தியத்தை எடுங்கள். வீட்டுக்குப் போனதும், பிளாஸ்டிக் சட்டம் என்றால், வாய்ப்பகுதியை மட்டும் வெதுவெதுப்பான நீரில் தோய்த்துப் பொத்தானை முப்பது நாற்பது முறை அழுத்தினால் பசை கரையும். மரச் சட்டத்தை நனைக்கக் கூடாது. தகட்டைக் கழற்றித்தான் துடைக்க வேண்டும். பொத்தான் ஒவ்வொரு அழுத்தலுக்கும் ‘டிக்’ என்று உலோகச் சத்தம் போட்டால் முட்டுக்கொடுக்கும் மெத்து தேய்ந்திருக்கிறது. மெல்லிய இடங்களில் கடைசி வரிசைவரை கேட்கும். கச்சேரிக்கு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள்.

ஒரே ஒரு ஸ்வரம் திடீரென்று, ஒரு நாளுக்குள், கேட்கும்படி இறங்கிவிட்டால் அது சுதிக் கோளாறல்ல. ரீடில் விரிசல் விழுந்திருக்கிறது. அதைத் தேய்த்து ஏற்ற முயலாதீர்கள், சில மணி நேரத்தில் முறிந்துவிடும். பலமாக ஊதுகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். இரண்டாவது வாத்தியம் வேண்டும் என்று சொன்னது முக்கியமாக இதற்காக. அதுவும் சூடாக, மறு பையில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் குளிர்ந்து கிடந்தால் எடுத்தும் பயனில்லை. அதுவும் கைவசம் இல்லாத நிலையில், முறிந்தது எஃப் ஆகவோ சி ஆகவோ இருந்தால் மாற்று வீடு உண்டு. ஜி, ஏ போன்றவை என்றால் கிடையாது. பியானோக்காரரிடம் அந்த வரியை ஒப்படைக்க ஒரு கண்சாடை பேசி வைத்திருங்கள்.

நேரம் மீறிக்கொண்டிருந்தால் வெட்ட வேண்டியதை முன்பே முடிவுசெய்திருக்க வேண்டும். மேலே சொன்ன நிரலில் ஜேக்கப்பின் ஒரு பகுதியை எடுத்துவிடலாம், யாருக்கும் தெரியாது. 1:28-க்குள் வான் வில்லியம்ஸைத் தொடங்க முடியாது என்று தெரிந்தால் ஜேக்கப்பில் மீதி இருப்பதை வெட்டுங்கள். கடிகாரத்தைப் பார்ப்பது பியானோக்காரரின் வேலை. தாங்கியின் ஓரத்தில் ஒரு கைக்கடிகாரத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டால் போதும்.

முடிந்ததும் வாத்தியத்தை உடனே பெட்டியில் அடைக்காதீர்கள். நீரை உதறி, துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி ஒரு துணியின் மேல் அரை மணி நேரம் காற்றாட வைத்துவிட்டு மூடுங்கள்.